காலுக்குப் பின்னால் விழுந்த பந்து

2025 ஜூன் 8, கோவை எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானம். டி.என்.பி.எல். ஆட்டம். திண்டுக்கல் டிராகன்ஸ் அணித் தலைவர் ரவிச்சந்திரன் அஸ்வின், திருப்பூர் தமிழன்ஸ் அணித் தலைவர் சாய் கிஷோரின் இடதுகைச் சுழலை அடிக்கப் போய்த் தவறவிட, பந்து காலில் பட்டது. நடுவர் விரலை உயர்த்தினார். ரீப்ளேயில் பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்தது போலத்தான் தெரிந்தது. மேல்முறையீடு செய்ய வழியில்லை. இரண்டு ரிவ்யூக்களையும் வைடு பந்துகளுக்காக ஏற்கெனவே செலவழித்திருந்தார்கள். அஸ்வின் நடுவரிடம் வாதாடி, மட்டையால் காலுறையில் ஓங்கி அடித்துக்கொண்டே வெளியேறினார். திண்டுக்கல் 93-க்குச் சுருண்டது, திருப்பூர் ஒன்பது விக்கெட்டில் வென்றது, அஸ்வினுக்கு ஆட்டக் கட்டணத்தில் 30 சதவீதம் அபராதம்.

அந்த வாரம் முழுக்க எங்கள் பக்கம் டீக்கடைகளில் இதே பேச்சு. திருப்பூர் ஜெயித்த சந்தோஷத்தை விட அஸ்வினின் கோபம்தான் சுவாரசியமாக இருந்தது. அப்போது ஒருவர் கேட்ட கேள்வி இது: "பந்து ஸ்டம்புக்குத்தானுங்க போகுது. கால் குறுக்க இருக்குது. அது எங்க விழுந்தா என்ன? எப்படிங் அவுட் இல்லைங்கறாங்க?"

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி தோன்றுவதே இல்லை. லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்தால் அவுட் இல்லை, அவ்வளவுதான். ஆனால் புதிதாகப் படித்துப் பார்த்தால் அது விசித்திரமான நிபந்தனை. எல்.பி.டபிள்யூ. என்பதன் சாரம், ஸ்டம்பில் பட்டிருக்க வேண்டிய பந்தை உடம்பால் தடுத்தாயா என்பதே. அப்படியிருக்க, பந்து தரையைத் தொட்ட இடம் எதற்கு? ஆஃப் பக்கம் வெளியே விழுந்தால் அவுட் உண்டு, லெக் பக்கம் வெளியே விழுந்தால் கிடையாது என்ற ஓரவஞ்சனை எதற்கு?

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த உணர்வு பழக்கமானது. பழைய நிரலில் ஒரு 'இஃப்' நிற்கும். ஏன் நிற்கிறது என்று எந்தக் குறிப்பும் இருக்காது. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். தூக்கினால் என்ன உடையும் என்று தெரியாததால் யாரும் தூக்கமாட்டார்கள். கிரிக்கெட்டின் சட்டத் தொகுப்பு அப்படிப்பட்ட ஒரு பிரதி. லண்டனின் எம்.சி.சி. கழகம் அதைப் பராமரிக்கிறது. இப்போது புழங்குவது 2017 தொகுப்பும் அதன் திருத்தங்களும். அதை இலக்கியமாக யாரும் வாசிப்பதில்லை. வாசிக்கலாம் என்பது என் கட்சி. அதன் பலமும் பலவீனமும் ஒன்றே: ஒவ்வொரு விதியும் யாரோ செய்த ஒரு தந்திரத்தின் பதிலாக எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் அந்தத் தந்திரம் பிரதியில் இல்லை. பதில் மட்டும் இருக்கிறது, கேள்வியை அழித்துவிட்டார்கள்.

1771-ல் ரெய்கேட்டைச் சேர்ந்த ஒயிட் என்ற ஆட்டக்காரர் ஹாம்பிள்டன் அணிக்கு எதிராக, ஸ்டம்பை முழுக்க மறைக்கும் அகலத்தில் ஒரு மட்டையோடு வந்து நின்றார். விதியில் அகலத்துக்கு வரம்பு இல்லை. ஆகவே அவர் செய்தது தப்பும் இல்லை. ஹாம்பிள்டன்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், நாலே கால் அங்குலம் என்று வரம்பு வந்தது. இன்றும் கோலியின் மட்டை நாலே கால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது. நான்கு ஆண்டு கழித்து, லம்பி ஸ்டீவன்ஸ் வீசிய பந்து ஜான் ஸ்மாலின் இரண்டு ஸ்டம்புகளுக்கு நடுவே மூன்று முறை புகுந்து போனது, எதிலும் படவில்லை. மூன்றாவது ஸ்டம்பு வந்தது. 1979-ல் சாமர்செட் அணித் தலைவர் பிரையன் ரோஸ் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கோப்பைப் போட்டியின் குழு ஆட்டம். தோற்றாலும் பரவாயில்லை, விக்கெட் வீழ்த்தும் விகிதம் சரியாமல் இருந்தால் அடுத்த சுற்று உறுதி. ஒரு ஓவர் ஆடி, ஒரு ரன்னோடு டிக்ளேர் செய்துவிட்டார். எதிரணி சில நிமிடங்களில் ஜெயித்தது. காசு கொடுத்து வந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். விதிப்படி ஒரு பிழையும் கிடையாது. சாமர்செட்டைப் போட்டியிலிருந்தே நீக்கினார்கள். ஒருநாள் ஆட்டங்களில் டிக்ளேர் செய்வது தடை செய்யப்பட்டது. இன்று ஒரு சிறுவன் "ஒன்டேல ஏன் டிக்ளேர் கிடையாது?" என்று கேட்டால் அப்பாக்கள் "யாருண்ணா அதுல டிக்ளேர் பண்ணுவாங்க?" என்று சிரிப்பார்கள். ஒருத்தர் பண்ணினார் என்பதால்தான் அந்த வரி.

இது கிரிக்கெட்டின் குணம் மட்டும் இல்லை. பேஸ்பால் ஆட்டத்தில் 'இன்ஃபீல்டு ஃப்ளை' என்று ஒரு விதி உண்டு. அமெரிக்கர்களே தலையைச் சொறியும் விதி. முதல் இரண்டு தளங்களில் ஓட்டக்காரர்கள் நிற்கையில், இரண்டு பேர் அவுட் ஆகியிராத நிலையில், மட்டையாளர் மேலே தூக்கி அடித்த பந்து உள்வட்டத்தில் எளிதாகப் பிடிக்கக்கூடியதாக இருந்தால், பந்து காற்றில் இருக்கும்போதே நடுவர் அவரை அவுட் என்று அறிவித்துவிடுவார். பிடித்தாலும் அவுட், விட்டாலும் அவுட். கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. காரணம் இது: பிடித்தால் ஓட்டக்காரர்கள் தங்கள் தளத்திலேயே நிற்கவேண்டும், தரையில் விழுந்தால் பின்னால் வருபவருக்கு இடம்விட்டுக் கட்டாயம் ஓடவேண்டும். ஆகவே ஒரு கெட்டிக்காரப் பீல்டர் வேண்டுமென்றே கேட்சை விட்டு, திகைத்து நிற்கும் இரண்டு பேரை அவுட் ஆக்கிவிடலாம். திறமையாகப் பிடிப்பதை விட நடிப்பாக விடுவதில் லாபம் அதிகம் என்று ஆகிவிட்டது. 1890களில் விதி வந்தது. 1975-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சட்ட இதழில் வில்லியம் ஸ்டீவன்ஸ் என்ற மாணவர் இந்த விதியைப் பற்றி ஒரு குறுங்கட்டுரை எழுதினார், பெயர் போடாமல். கனவான்கள் ஆடியவரை இது தேவைப்படவில்லை, ஜெயிக்க ஆடுகிறவர்கள் வந்ததும் தேவைப்பட்டது என்கிற அதன் வாதத்தை அமெரிக்கச் சட்டக்காரர்கள் இன்றும் எடுத்துப் பேசுகிறார்கள். பாதி நகைச்சுவையாக எழுதப்பட்ட கட்டுரைதான்.

கிரிக்கெட்டில் இந்த விதி ஏன் இல்லை? இங்கே ஓடுவது கட்டாயமில்லை. கேட்சை விட்டால் விட்டவனுக்குத்தான் திட்டு விழும்.

இந்தப் பாடத்தைப் படிக்கத் திருப்பூர்க்காரன் எம்.சி.சி. வரை போகவேண்டியதில்லை. எந்த ஏற்றுமதிக் கம்பெனியிலும் தையல் பிரிவில் ஒரு நடைமுறை உண்டு. ஊசி உடைந்தால், உடைந்த துண்டு அத்தனையும் தேடி எடுத்து, டேப் போட்டு நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றியுள்ள பீஸ் எல்லாம் தனியே போகும், காந்தம் வைத்துத் தேடுவார்கள். புதிதாகச் சேர்ந்த டைலருக்கு இது கிறுக்குத்தனம். ஒரு ஊசி சில ரூபாய், அதற்கு அரைமணி நேர உற்பத்தி போகிறது. குழந்தையின் பனியனுக்குள் ஊசி முனை இருந்தால் என்ன ஆகும் என்று யாராவது சொல்லிவிட்டால் அதற்குப்பிறகு அவர் கேட்கவே மாட்டார். பெரும்பாலான இடங்களில் சொல்வதில்லை. சுவரில் விதி மட்டும் ஒட்டியிருக்கும்.

காரணத்தை மறைத்த விதி என்ன ஆகும் என்பதற்குக் கிரிக்கெட்டின் மிக மோசமான உதாரணம் நான்-ஸ்டிரைக்கர் ரன் அவுட். இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் இதில் இரண்டு இந்தியர்களின் பெயர் கெட்டது.

1947 டிசம்பரில் சிட்னி டெஸ்டில் வினு மன்கட், பந்து வீசும் முன்பே கிரீஸை விட்டு நகர்ந்த பில் பிரவுனை ரன் அவுட் செய்தார். அதற்கு முந்தைய மாதம் அதே சிட்னியில், ஒரு பயிற்சி ஆட்டத்தில், அதே பிரவுனை முதலில் எச்சரித்து, பிறகு அதே முறையில் வெளியேற்றியிருந்தார். ஆஸ்திரேலியத் தலைவர் பிராட்மேன் தன் சுயசரிதையில் மன்கட்டின் பக்கம்தான் நின்றார். இருந்தும் அந்த அவுட்டுக்கு 'மன்கடிங்' என்று பெயர் வந்தது. திருடியவன் பெயர் இல்லை, பிடித்தவன் பெயர். இந்தியாவின் மகத்தான ஆல்ரவுண்டர்களில் ஒருவரின் பெயர் உலகம் முழுக்க ஒரு வசைச்சொல்லாக எழுபது ஆண்டு புழங்கியது. கவாஸ்கர் இதைத் திரும்பத் திரும்பக் கண்டித்திருக்கிறார். நியாயம்தான்.

விதியின் காரணம் மிக எளிது. ரன் என்பது 22 கெஜ ஓட்டம். பந்து கையை விடும் முன் இரண்டு கெஜம் நகர்ந்துவிட்டால் 20 கெஜம்தான் ஓடவேண்டும். கடைசி ஓவரில் ஒரு ரன் இரண்டாவது அங்கேதான். அதைத் தடுக்கப் பந்துவீச்சாளரிடம் இருக்கும் ஒரே கருவி, ஸ்டம்பைத் தட்டுவது. இந்த விதியை நீக்கினால் நான்-ஸ்டிரைக்கர் பாதி தூரம் போய் நிற்பதை யாரும் கேட்கமுடியாது.

இப்போது 2017 தொகுப்பில் இது எங்கே இருந்தது என்று பாருங்கள். சட்டம் 41, 'நேர்மையற்ற ஆட்டம்' என்ற தலைப்பின் கீழ், 16-வது பிரிவு. அந்தப் பிரிவின் தலைப்பு: நான்-ஸ்டிரைக்கர் முன்கூட்டியே தன் இடத்தை விட்டு நகர்வது. அதாவது பிரதியை ஒழுங்காக வாசித்தால் நேர்மையற்றவர் யார் என்பதில் சந்தேகமே கிடையாது, நகர்கிறவர். ஆனால் 'நேர்மையற்ற ஆட்டம்' என்ற பெரிய எழுத்தையும் 'பந்துவீச்சாளர் ரன் அவுட் செய்ய முயலலாம்' என்ற சின்ன எழுத்தையும் மட்டும் சேர்த்து வாசித்தவர்கள் பந்துவீச்சாளரைக் குற்றவாளி ஆக்கினார்கள். விதி சரியாக இருந்தும், அது வைக்கப்பட்ட இடம் தப்பான பொருளைத் தந்தது. உரைநடையில் இதை நாம் அடிக்கடி பார்க்கிறோம். சட்டத்தில் பார்க்கும்போதுதான் அதன் விலை தெரிகிறது.

இதோடு எழுதப்படாத விதி ஒன்றும் சேர்ந்தது: முதலில் எச்சரிக்க வேண்டும். சட்டம் எச்சரிக்கையைக் கேட்கவே இல்லை. ஸ்டம்பிங் செய்யும் கீப்பர் எச்சரிக்கிறாரா? 1987 உலகக் கோப்பையில் லாகூரில், கடைசிப் பந்தில், வெளியே போய் நின்ற சலீம் ஜாஃபரை கோர்ட்னி வால்ஷ் அவுட் ஆக்காமல் விட்டார். பாகிஸ்தான் ஜெயித்தது, வெஸ்ட் இண்டீஸ் அரையிறுதிக்குப் போகவில்லை. வால்ஷ் கனவான் என்று புகழப்பட்டார். நகர்ந்து நின்ற ஜாஃபரை யாரும் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆட்டத்தின் 'உணர்வு' என்று சொல்லப்படுவதில் எனக்கு இருக்கும் பிரச்சினை இதுதான். அது எப்போதும் மட்டை பிடித்தவன் பக்கமே சாய்கிறது. எட்ஜ் எடுத்தது தெரிந்தும் நடுவர் பார்க்காததால் நின்று ஆடுவது சாமர்த்தியம். எல்லையை மீறியவனை அவுட் ஆக்குவது அசிங்கம். கோலின் கவ்ட்ரியும் டெட் டெக்ஸ்டரும் முனைந்து 2000-ல் இந்த 'உணர்வை' ஒரு முகவுரையாகவே சட்டத்தின் முன் சேர்த்தார்கள். இருவரும் மட்டையாளர்கள் என்பது தற்செயலாக இருக்கலாம்.

அஸ்வினின் கதை தெரிந்ததுதான். 2012-ல் பிரிஸ்பேனில் இலங்கையின் திரிமன்னேவை இப்படி அவுட் ஆக்கினார். பொறுப்புத் தலைவராக இருந்த சேவாக், டெண்டுல்கரிடம் பேசிவிட்டு, முறையீட்டைத் திரும்பப் பெற்றார். இருபத்தைந்து வயதுப் பந்துவீச்சாளர் தலையைக் குனிந்துகொண்டு திரும்ப வீசப்போனார். ஏழு ஆண்டு கழித்து, 2019 மார்ச் 25, ஜெய்ப்பூர். பஞ்சாப் அணிக்கு இப்போது அவரே தலைவர், திரும்பப் பெற யாரும் இல்லை. 69-ல் இருந்த ஜோஸ் பட்லர் வெளியேறினார், ராஜஸ்தான் 14 ரன்னில் தோற்றது. உலகமே கொந்தளித்தது. எம்.சி.சி. முதலில் விதிப்படி சரி என்றது; மறுநாள், அஸ்வின் நின்று காத்திருந்த நேரம் அதிகம், அது ஆட்டத்தின் உணர்வுக்குப் புறம்பு என்றது. தன் பிரதிக்குத் தானே இருவேறு உரை எழுதிய ஆசிரியரை வேறெங்கும் பார்த்ததில்லை.

எம்.சி.சி.யை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. 'வழக்கமாகப் பந்தை விட்டிருக்கவேண்டிய கணம்' என்று எழுதிவைத்தார்கள். அந்தக் கணம் எது என்பது உண்மையிலேயே சிக்கல். அஸ்வின் கைச்சுற்றைத் தொடங்காமலே நின்றார். அந்தக் கணம் வந்ததா, வரவே இல்லையா? 2023 ஜனவரியில் மெல்போர்னில் ஆடம் ஜாம்பா கையைச் சுற்றி முடித்துவிட்டு ஸ்டம்பைத் தட்டியபோது நாட் அவுட் கொடுத்தார்கள், பிறகு எம்.சி.சி. அந்த வரியை இன்னும் தெளிவாக்கித் திருத்தியது. நேரத்தைச் சொல்லில் பிடிப்பது கஷ்டம். ஆனால் அது சொல்லின் கஷ்டம். அதற்கு அஸ்வினின் குணத்தைக் குறை சொல்லத் தேவையில்லை.

2022-ல் விதியை 41-லிருந்து எடுத்து 38-ல், சாதாரண ரன் அவுட்டோடு வைத்தார்கள். ஒரு சொல்லும் பெரிதாக மாறவில்லை, முகவரி மாறியது. அக்டோபரில் அமலுக்கு வரவிருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு, செப்டம்பர் 24 அன்று, எம்.சி.சி.யின் சொந்த வீடான லார்ட்ஸிலேயே, தீப்தி சர்மா சார்லி டீனை அவுட் ஆக்கினார். டீனின் கண்ணீரைக் காட்டினார்கள். டீன் எத்தனை முறை முன்கூட்டி நகர்ந்தார் என்பதைப் பிறகுதான் எண்ணினார்கள்.

அஸ்வின் இதையெல்லாம் ஒரு தமிழ்ப் பொறியாளனின் பிடிவாதத்தோடு அணுகினார் என்பது என் வாசிப்பு. எழுதியிருப்பதைப் படி, எழுதியதைச் செய், பிடிக்கவில்லை என்றால் எழுத்தை மாற்று. அவருடைய சுயசரிதையின் தலைப்பிலேயே தெரு இருக்கிறது, 'ஐ ஹேவ் தி ஸ்ட்ரீட்ஸ்'. தெருவில் வளர்ந்தவனுக்கு விதி என்றால் என்ன என்று எங்கள் நல்லூர்ச் சந்துகளை வைத்தே சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை பனியன் கம்பெனி லீவு; காங்கேயம் ரோட்டை ஒட்டிய சந்துகளில் காலி குடோன் சுவர்தான் ஸ்டம்பு. காம்பவுண்டுக்குள் போனால் அவுட், ஏனென்றால் அங்கே நாய். ஒன் பிட்ச் ஒற்றைக் கையில் பிடித்தால் அவுட், ஏனென்றால் பீல்டர் நாலே பேர். மாங்கா எறிந்தால் பால் செல்லாது. சுவருக்குப் பின்னால் ஓட இடமில்லை, ஆகவே பைஸ் இல்லை. எல்.பி.டபிள்யூ. கிடையாது, ஏனென்றால் பேட்டிங் அணிக்காரனே அம்பயர், எவன் கை தூக்குவான்? ஒவ்வொரு விதிக்கும் காரணம் கண் முன்னால் நிற்கிறது, குரைக்கவும் செய்கிறது. அதனால் அங்கே சண்டை எல்லாம் நடந்ததைப் பற்றித்தான். விதியைப் பற்றிச் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

மேசையில் உட்கார்ந்து எழுதிய விதிகளின் கதி வேறு. 2019 ஜூலை 14, உலகக் கோப்பை இறுதி. ஆட்டம் சமன், சூப்பர் ஓவரும் சமன். அதிக பவுண்டரி அடித்த அணி எது என்று எண்ணி, 26-க்கு 17 என்று, இங்கிலாந்துக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். இந்த விதிக்குப் பின்னால் எந்தத் தந்திரமும் இல்லை, எந்த அநீதியும் இல்லை. எப்படியாவது அன்றே முடிக்கவேண்டும் என்ற அவசரம் மட்டும்தான். மூன்றே மாதத்தில் தூக்கிவிட்டார்கள், எதுவும் உடையவில்லை. காரணமற்ற விதியை அடையாளம் காண அதுவே நல்ல சோதனை.

அப்படியானால் டீக்கடைக்காரர் கேட்ட லெக் ஸ்டம்பு? அது எந்த வகை?

1774-ல் எல்.பி.டபிள்யூ. முதன்முதலில் எழுதப்பட்டபோது, வேண்டுமென்றே காலால் தடுத்தால் என்று இருந்தது. மனதைப் படிக்க நடுவரால் முடியாது என்பதால் பிறகு அந்தச் சொல் போயிற்று. (இரு நூற்றாண்டு கழித்து, 1980 தொகுப்பில், ஷாட் ஆட முயலாமல் காலை நீட்டினால் என்று அதே எண்ணம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது.) நெடுங்காலம் பந்து இரு பக்க ஸ்டம்புகளுக்கு நேரே விழுந்தால்தான் அவுட். மட்டையாளர்கள் காலுறையைக் கட்டிக்கொண்டு, ஆஃப் பக்கம் விழுந்து உள்ளே திரும்பும் பந்துகளையெல்லாம் காலால் உதைத்தே நாளை ஓட்டினார்கள். 1935-ல் சோதனையாக ஆஃப் பக்கத்தைத் திறந்துவிட்டார்கள், 1937-ல் நிரந்தரமாக்கினார்கள். லெக் பக்கத்தைத் திறக்கவில்லை.

காலத்தைக் கவனியுங்கள். ஜார்டைனும் லார்வுட்டும் 'பாடிலைன்' என்று உடம்பைக் குறிவைத்து வீசி, லெக் பக்கம் பீல்டர்களைக் குவித்தது 1932-33-ல். லெக் பக்கம் வீசுவதற்கு இன்னொரு பரிசு கொடுக்க அப்போது யாரும் தயாராக இருந்திருக்கமாட்டார்கள். அதைத் தாண்டியும் காரணம் உண்டு. வலதுகைக்காரர் பக்கவாட்டில் நிற்கிறார். காலுக்குப் பின்னால் விழும் பந்து அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, நேர் மட்டையில் ஆடவும் முடியாது. அங்கே விழும் பந்துக்கும் அவுட் என்றால் பந்துவீச்சாளர் நாள் முழுக்க அங்கேயே போடுவார். ஆட்டம் செத்துவிடும். ஷேன் வார்ன் போன்றவர் அப்படிப் போட்டு விக்கெட் எடுத்ததே அற்புதம். அவருக்கும் ஸ்டம்பைச் சாய்க்கவோ கேட்ச் வாங்கவோ வேண்டியிருந்தது.

ஆகவே காரணம் உண்டு, இது பவுண்டரி எண்ணிக்கை மாதிரி வெற்று வரி இல்லை. ஆனால் காரணத்தில் பாதி தேய்ந்துவிட்டது. லெக் திசையில் ஸ்கொயருக்குப் பின்னால் இரண்டு பீல்டர்களுக்கு மேல் நிற்கக்கூடாது என்று தனி விதியே வந்துவிட்டது. ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்களில் காலுக்கு வெளியே போனாலே வைடு. மட்டையாளரோ ஸ்விட்ச் ஹிட் அடிக்கிறார். பந்து கையை விடும் நேரத்தில் வலதுகைக்காரர் இடதுகைக்காரர் ஆகிறார், ஆனால் அவருடைய 'லெக்' பக்கம் மட்டும் பழைய இடத்திலேயே பாதுகாப்பாக இருக்கிறது. இயன் சாப்பல் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்: எங்கே விழுந்தாலும், ஸ்டம்பில் படும் பந்தைக் காலால் தடுத்தால் அவுட். டெஸ்ட் ஆட்டத்துக்கு இது எனக்கு ஒப்பாது. ஐந்தாம் நாள் பிளந்த ஆடுகளத்தில் இடதுகைச் சுழலர்கள் காலடித் தடங்களில் போட்டுக்கொண்டே இருப்பதைப் பார்க்கச் சகிக்காது. இருபது ஓவரில் அந்தப் பயம் இல்லை, அங்கே எதிர்மறையாக வீச வைடு விதி விடாது.

1935-ல் செய்தது போல ஒரு சீசன் சோதனையாகப் போட்டுப் பார்க்கலாம். டி.என்.பி.எல். அதற்கு ஏற்ற அளவு. கேமரா இருக்கிறது, ரிவ்யூ இருக்கிறது, சாய் கிஷோர் இருக்கிறார். அஸ்வின் எதிரணியில் பேட்டிங் ஆடினால் முதலில் வாதாடுவார், பிறகு பந்து வீச வந்ததும் எல்லோருக்கும் முன்பாக அந்தக் காலடித் தடத்தைத் தேடிப் போடுவார்.